சிவப்புக் கம்பளத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

விருது விழா உடைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும், எங்கள் உடையலங்காரப் பகுதியினரின் பதில்களும்.

கேள்வி: ஆஸ்கர் முடிந்த மறுநாளே ‘சிறந்த உடை’, ‘மோசமான உடை’ என்று பட்டியல் போட்டுவிடுகிறார்கள். ஒரே கவுன் ஒரு பட்டியலில் முதலிடம், இன்னொன்றில் கடைசி இடம். இதற்கு அளவுகோல் ஏதாவது உண்டா, இல்லை வாய்க்கு வந்ததுதானா?

பாதி வாய்க்கு வந்ததுதான். மீதிப் பாதிக்கு அளவுகோல் உண்டு. நிறம் பிடிக்கிறதா, பூ வேலைப்பாடு பிடிக்கிறதா என்பதெல்லாம் அவரவர் ரசனை. உடை உடம்பில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பது அப்படியல்ல, அது தையல் கணக்கு. அதை முதலில் பாருங்கள்.

தோளிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். தோள் தையல் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கழுத்து வெட்டு மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். குனியாதபோதே விலகி நின்றால், உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட் போதவில்லை. துணியில் விழும் சுருக்கங்கள் நிறையச் சொல்லும். இடுப்பிலோ தொடையிலோ குறுக்காகக் கோடு விழுந்தால் அங்கே இறுக்கம். நெடுக்காக மடிப்பு தொங்கினால் தளர்வு. சாய்வாக ஓடும் கோடுகள் எந்த இடத்தை நோக்கி ஓடுகின்றனவோ, பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

பிறகு பக்கவாட்டுத் தையல். சீக்வின், மணி வேலை செய்த கவுனில் அந்தத் தையலை ஒட்டி ஒரு வெற்றுக் கோடு தெரிகிறதா? தைத்து முடித்த பிறகு மேலே மீண்டும் கையால் மணி கோத்து மூடியிருந்தால் அந்தக் கோடு தெரியாது. கடைசியாக ஓரம். தரை தொடும் கவுன் என்றால், அன்றைக்குப் போட்டிருக்கும் அதே செருப்போடு, முன்பக்கம் தரையிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. மேலே நிற்பது நல்ல அளவு. ஃபிட்டிங்கில் ஒரு செருப்பு, விழாவில் அதைவிட 2 செ.மீ. குட்டையான இன்னொன்று என்றால் போச்சு. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் துணி காலில் சிக்கும்.

நாங்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவது இப்படி: உட்காரும் விதத்துக்கு 4, உயரத்துக்கும் உடலமைப்புக்கும் ஏற்ற வெட்டுக்கு 2, விழாவுக்குப் பொருத்தமா என்பதற்கு 2, தலைமுடி, நகை, செருப்பு மூன்றுக்கும் சேர்த்து 1, உடை அந்த ஆளுடையது போலத் தெரிகிறதா என்பதற்கு 1. நிறத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. அதை வைத்துத்தான் சண்டையே வருகிறது.

கேள்வி: புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரிந்த உடை வீடியோவில் அழகாக இருக்கிறது. சில சமயம் நேர்மாறாகவும் இருக்கிறது. எதை நம்புவது?

வீடியோவை. அதிலும் நடந்து வரும் பகுதியை. நின்ற இடத்தில் எடுத்த படத்துக்காக மூச்சை இழுத்துப் பிடிக்கலாம், இடுப்பைத் திருப்பலாம், பின்னால் தரையில் இழுபடும் ட்ரெயிலை உதவியாளர் விரித்து வைத்துவிட்டுப் போகலாம். நடக்கும்போது இது எதுவும் செல்லாது. கிராஸ் கட்டாக, அதாவது துணியின் நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய மெல்லிய சாட்டின் நிற்கையில் சாதாரணமாகத் தெரியும். நடக்கையில்தான் துணி உடம்பைச் சுற்றி வழிவது தெரியும். கனமான டச்சஸ் சாட்டினோ இதற்கு எதிர். படத்தில் சிலை மாதிரி நிற்கும், நடையில் விறைத்துக்கொண்டு ஆளை விட்டுத் தனியே போகும்.

ஃப்ளாஷ் தனி வில்லன். அறை வெளிச்சத்தில் கனமாகத் தெரியும் மெல்லிய கறுப்புத் துணி, நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்தால் உள்ளாடை வரை காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் நட்சத்திரங்களுக்கு உடை தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் நல்ல ஸ்டைலிஸ்ட்டுகள் ஃபிட்டிங்கின்போதே ஃப்ளாஷ் போட்டு, முன், பின், பக்கம், உட்கார்ந்த நிலை என்று நான்கு படமாவது எடுத்துப் பார்ப்பார்கள். முகப்பவுடரிலும் இதே ஆபத்து. சிலிக்கா அதிகமுள்ள நிறமற்ற பவுடரைச் சரியாகத் துடைக்காமல் விட்டால், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. ஃப்ளாஷ் பட்டதும் மூக்கைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் வெள்ளை வெளேரென்று திட்டு விழும். அது முகத்தின் குற்றமல்ல, பிரஷ்ஷின் குற்றம்.

மிக நெருக்கமான கோடுகளோ சிறு கட்டங்களோ உள்ள கோட்டு டி.வி.யில் அலையலையாக நெளிந்தால் அதற்கும் டெய்லரைத் திட்ட வேண்டாம். அது கேமரா சென்சாருக்கும் கோடுகளுக்கும் நடக்கும் மோதல்.

கேள்வி: தோள்பட்டை இல்லாத கவுன் போட்டவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொள்கிறார்களே, இத்தனை செலவழித்தும் ஏன் இப்படி?

உள்வேலை சரியில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஸ்ட்ராப்லெஸ் கவுனை மார்பு தாங்குவதில்லை, தாங்கவும் கூடாது. இடுப்புதான் தாங்க வேண்டும். அதற்காக லைனிங்குக்கு உள்ளே, இடுப்பு வளைவில், 2 முதல் 2.5 செ.மீ. அகலத்தில் நீளாத ரிப்பன் பட்டி ஒன்று வைப்பார்கள். கவுனின் இடுப்பளவைவிட அது 1 முதல் 2 செ.மீ. குறைவாக இருக்கும். தையல்களில் மட்டும் பிடித்திருக்கும், பின்னால் தனிக் கொக்கி. முதலில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுப் பிறகுதான் ஜிப்பை ஏற்ற வேண்டும். எடை முழுதும் பட்டியில் இறங்கிவிடுவதால் மேல்பகுதி சரியாது, ஜிப்பும் திணறாது.

பட்டி இல்லாமல் போனிங் (விறைப்புக்காக உள்ளே வைக்கும் குச்சிகள்) மட்டும் வைத்தால் மேல்பகுதி விறைப்பாக நிற்கும், ஆனால் மொத்தமாகக் கீழே இறங்கும். இழுத்துவிடுவதெல்லாம் அதற்குத்தான். மணி வேலை நிறைந்த கவுன் என்றால் எடையே பல கிலோ இருக்கும். பட்டி இல்லாமல் அதைத் தைப்பது துணிச்சல். இருபக்கமும் ஒட்டும் டேப்பை நம்பி இறங்குகிறவர்களும் உண்டு. டேப் கழுத்து வெட்டை விலகாமல் பிடிக்கும்; கவுனைத் தூக்கிப் பிடிக்காது.

கேள்வி: ஆண்கள் எல்லோரும் கறுப்பு கோட்டுதான். அதில் மதிப்பிட என்ன இருக்கிறது?

பெண்கள் உடையைவிட அதிகம் இருக்கிறது. நிறம், வேலைப்பாடு என்ற திரைகள் இல்லாததால் தவறுகள் ஒளிய இடமே இல்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கும் நொடிக்காகக் காத்திருங்கள். கையைத் தூக்கும்போது கோட்டு முழுதும் கூடவே எழும்பினால் கைக்குழி மிகக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால் கை மட்டும்தான் நகரும். பலர் நினைப்பதற்கு மாறாக, கைக்குழி சிறிதாக இருப்பதுதான் சௌகரியம்.

அடுத்து கழுத்தின் பின்பக்கம். கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. பொத்தான் போட்ட இடத்திலிருந்து பெருக்கல் குறி போல நான்கு பக்கமும் சுருக்கம் ஓடினால் இடுப்பு இறுக்கம். கைநுனியில் சட்டை 1 முதல் 1.5 செ.மீ. தெரிவது அளவு. தோளுக்குக் கீழே, கை தொடங்கும் இடத்தில் பள்ளம் விழுந்தால் தோள் அகலம் கூடிவிட்டது. இதை ஆல்டரேஷனில் சரிசெய்வது ஏறக்குறைய புதுக் கோட்டு தைப்பதற்குச் சமம். அதனால் இரவல் கோட்டில் அடிக்கடி தென்படும் குறையும் இதுதான்.

‘பிளாக் டை’ (மாலை விழாவுக்கான டக்ஸிடோ கோட்டு, போ டை) என்று அழைப்பிதழில் போட்டிருந்தால் கொஞ்சம் சட்டம் பேசலாம். லேப்பல், அதாவது மார்பில் மடிந்து விழும் காலர், கூர்முனையாகவோ வளைவாகவோ இருக்க வேண்டும். அலுவலகக் கோட்டில் வரும் வெட்டுக் காலர் பொருந்தாது. பேன்ட்டில் பெல்ட் கூடாது. இடுப்பில் கம்மர்பண்ட் என்ற மடிப்புப் பட்டையைக் கட்டினால் மடிப்புகள் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எங்கள் கண்ணை உறுத்துவது, பூட்டிய பொத்தானுக்குக் கீழே முக்கோணமாக எட்டிப்பார்க்கும் வெள்ளைச் சட்டை. பேன்ட்டைத் தாழ்வாகவும் கோட்டுப் பொத்தானை உயரமாகவும் வைத்தால் அது வரும். பெரிய பெரிய நட்சத்திரங்களிடமே பார்க்கலாம். பேன்ட்டின் இடுப்பு தொப்புள் உயரத்துக்கு வந்தால் முக்கோணம் மறைந்துவிடும்.

கரும் நீலத்தைக் கறுப்புக்குக் கீழே மதிப்பிடாதீர்கள். மின்விளக்கில் சாதாரணக் கறுப்பு சில சமயம் வெளிறியும் பச்சை கலந்தும் தெரியும். ஆழ்ந்த கரும் நீலம்தான் கறுப்பைவிடக் கறுப்பாக நிற்கும்.

சட்டத்தை மீறுவது வேறு, தெரியாமல் தவறவிடுவது வேறு. 2019 ஆஸ்கருக்கு நடிகர் பில்லி போர்ட்டர் கிறிஸ்டியன் சிரியானோ வடிவமைத்த உடையில் வந்தார்: மேலே டக்ஸிடோ, கீழே அகன்ற வெல்வெட் கவுன். மேல்பாதி பிளாக் டை வழக்கத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் கீழ்பாதியின் குறும்பு எடுபட்டது.

கேள்வி: சிவப்புக் கம்பளத்தில் சிவப்பு உடை போடலாமா?

போடலாம், கம்பளத்தின் சிவப்பிலிருந்து இரண்டு படி விலகி இருந்தால். ஆரஞ்சு கலந்த சிவப்போ, கருஞ்சிவப்போ பரவாயில்லை. அதே சிவப்பு என்றால் படத்தில் கவுனின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆஸ்கரில் 1961 முதல் விரித்த சிவப்பை 2023-இல் ஷாம்பெயின் நிறத்துக்கு மாற்றினார்கள். வெளிர் நிற கவுன்காரர்களுக்கு அன்றைக்கு இதே சிக்கல்.

கேள்வி: மெட் காலாவில் வருகிற உடைகளைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அவற்றை எப்படி மதிப்பிடுவது?

ஆஸ்கரின் தராசை அங்கே கொண்டுபோகக் கூடாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், மே மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அங்குள்ள உடைப் பிரிவுக்கு நிதி திரட்ட நடக்கும் விழா அது. கண்காட்சிக்கு ஒரு தலைப்பு உண்டு, விருந்தினருக்கு ஓர் உடைக்குறிப்பும் உண்டு. அங்கே முதல் கேள்வி, ‘தலைப்பைப் படித்துவிட்டு வந்தாரா?’ என்பதுதான். சும்மா அழகான கறுப்பு கவுனில் வந்தவருக்கு ஆஸ்கரில் 8 போடுவோம். மெட் காலாவில் 4.

2015-இல் கண்காட்சியின் பொருள் சீனாவும் மேற்கத்திய உடையும். சீன வடிவமைப்பாளர் குவோ பெய் செய்த மஞ்சள் மேலங்கியில் ரிஹானா வந்தார். எடை ஏறத்தாழ 25 கிலோ. ஆம்லெட் என்று கேலி செய்தார்கள். ஆனால் சீனாவைப் பற்றிய இரவுக்கு ஒரு சீனக் கலைஞரின் கையைத் தேடிப் போனவர் அவர். கேலி அடங்கிவிட்டது, மேலங்கி நினைவில் நிற்கிறது.

2024-இல் உடைக்குறிப்பு காலத்தின் தோட்டம். பாடகி டைலா, பால்மெய்ன் நிறுவனம் மணலைக் கொண்டு உடம்போடு ஒட்டச் செய்த கவுனில் வந்தார். கருத்துக்கு முழு மதிப்பெண்: மணற்கடிகாரம், கரையும் காலம். நடக்க முடியாமல் படிக்கட்டில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே போன பிறகு வடிவமைப்பாளரே கத்தரிக்கோலால் கீழ்ப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கினார். நடக்க முடியாத உடைக்கு வழக்கமாக நாங்கள் மதிப்பெண் குறைப்போம். இங்கே குறைக்கவில்லை, ஏனென்றால் குலைந்துபோவதும் அந்த உடையின் கருத்தில் அடக்கம்.

குறைத்த இடமும் உண்டு. 2022-இல் கிம் கர்தாஷியன், 1962-இல் மர்லின் மன்றோ அமெரிக்க அதிபர் கென்னடியின் பிறந்தநாள் நிகழ்ச்சியில் போட்ட அதே கவுனைப் போட்டு வந்தார். படியேறி முடித்ததும் நகல் உடைக்கு மாறிக்கொண்டார். பின்பக்கம் மூடாததை வெள்ளை மேல்துண்டு மறைத்தது. ஓர் உடம்பை அளந்து தைத்த உடை இன்னோர் உடம்புக்கு உட்காராது, அதில் யார் குற்றமும் இல்லை. ஆனால் அறுபது வருடப் பழைய மெல்லிய துணிக்கு வியர்வை, வெளிச்சம், இழுவிசை மூன்றுமே எதிரி. நகலையே முதலிலிருந்து போட்டிருந்தால் போதும்.

கேள்வி: கான் திரைப்பட விழாவில் ஹை ஹீல்ஸ் கட்டாயமா? நீண்ட ட்ரெயிலுக்கும் தடை என்கிறார்களே?

2015-இல் தட்டைச் செருப்பு போட்ட பெண்கள் சிலரை நுழைவாயிலில் தடுத்ததாகச் செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. மறுவருடம் ஜூலியா ராபர்ட்ஸ் வெறுங்காலோடு படியேறினார். 2018-இல் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் கம்பளத்திலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இப்போதைய விதிப்படி நேர்த்தியான செருப்பாக இருந்தால் ஹீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

2025-இல் வந்த விதி இரண்டைத் தடுத்தது: நிர்வாணமாகத் தெரியும் உடை, நடமாட்டத்துக்கும் இருக்கைக்கும் இடைஞ்சலான பெரிய உடை. அந்த ஆண்டு நடுவர் குழுவில் இருந்த ஹாலி பெரி, ட்ரெயில் பெரிது என்பதால் தன் முதல் நாள் உடையை மாற்ற வேண்டியதாயிற்று. முதல் விதியில் எங்களுக்கு முணுமுணுப்பு உண்டு, இரண்டாவதில் இல்லை. மூன்று மீட்டர் துணி பின்னால் இழுபட்டால் அடுத்து வருகிறவர் அதை மிதித்தே தீருவார்.

கேள்வி: உடை நன்றாக இருந்தால் பாராட்டு நடிகைக்கா, ஸ்டைலிஸ்ட்டுக்கா, வடிவமைப்பாளருக்கா?

உடை எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் இரவல். ஸ்டைலிஸ்ட் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கி, ராக் நிறைய மாட்டி, நடிகைக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அவை மேடை மாடல்களுக்காகத் தைத்த சாம்பிள். உயரம் 175 செ.மீ.க்கு மேல் உள்ள ஒல்லியான உடம்புக்கானவை. திருப்பிக் கொடுக்க வேண்டியவை என்பதால் வெட்ட முடியாது. நீளத்தை உள்ளே மடித்துக் கையால் ஓடு தையல் போடுவார்கள், இடுப்பை உள்ளே பிடித்துவிடுவார்கள். 160 செ.மீ. உயரமுள்ள நடிகைக்கு முழங்காலில் இருக்கவேண்டிய வளைவு முழங்காலுக்குக் கீழே வந்து நிற்பது இதனால்தான். நீளத்தைக் குறைக்கலாம், வளைவு வெட்டிய இடத்தை நகர்த்த முடியாது. இந்தக் குறை கண்ணில் பட்டால் நடிகையைவிட, அந்தச் சாம்பிளைத் தேர்ந்தெடுத்தவரைக் கேளுங்கள்.

அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்ததானால் முதலில் வெள்ளை மஸ்லினில் மாதிரி தைத்துப் பார்த்து, திருத்தி, பிறகுதான் நல்ல துணியை வெட்டுவார்கள். அங்கே உட்காரும் விதத்தில் குறை வந்தால் சாக்கு கிடையாது. சரியாக உட்கார்ந்த உடைக்கு, ஹாலி பெரி 2002 ஆஸ்கரில் போட்ட எலி சாப் கவுனை மறுபடி பாருங்கள். மேற்பகுதி மெல்லிய நெட், அதில் சிதறிய பூ வேலை, கீழே கருஞ்சிவப்புப் பாவாடை. நெட் கழுத்தருகிலோ அக்குளிலோ துளி சுருங்கினாலும் மாயம் கலைந்துவிடும். கலையவில்லை.

ஸ்டைலிஸ்ட்டின் கையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் நடிகை ஜெண்டாயாவும் அவருடைய ஸ்டைலிஸ்ட் லா ரோச்சும் சேர்ந்து செய்பவற்றைப் பாருங்கள். 2024-இல் டூன் இரண்டாம் பாகத்தின் லண்டன் திரையிடலுக்கு, முக்லர் நிறுவனத்தின் 1995 தொகுப்பிலிருந்து உலோக ரோபோ உடை. அதே ஆண்டில் டென்னிஸ் படத்துக்கு, ஹீலில் டென்னிஸ் பந்து குத்திய செருப்பு. முதலாவது காப்பகத்தில் தேடும் உழைப்பு. இரண்டாவது நல்ல வேடிக்கை, அவ்வளவே. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டோம்.

கேள்வி: போட்ட உடையையே மறுபடி போட்டால் மதிப்பெண் குறையுமா?

கூடும். ரீட்டா மொரேனோ 1962-இல் ஆஸ்கர் வாங்கியபோது போட்ட கவுனை, மேற்பகுதியை மட்டும் மாற்றியமைத்து 2018 ஆஸ்கருக்குப் போட்டு வந்தார். 56 வருடம் தாங்கிய துணி; அதை யார் குறை சொல்ல முடியும்? ஜேன் ஃபோண்டா 2014 கான் விழாவில் போட்ட சிவப்பு கவுனை 2020 ஆஸ்கர் மேடைக்குக் கொண்டுவந்தார். மறுபடி போடுவதில் பார்க்கவேண்டியது, உடம்பு மாறிய இடத்தில் தையலும் மாறியிருக்கிறதா என்பதே.

கேள்வி: நன்றாக உடுத்துகிறவர் வேறு, தனக்கென்று பாணி உள்ளவர் வேறு என்கிறார்களே. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவரின் ஐந்து ஆண்டுப் படங்களை எடுத்து, முகத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். யார் என்று சொல்ல முடிந்தால் பாணி உண்டு. டில்டா ஸ்வின்டனைச் சொல்லிவிடலாம்: நேர்கோட்டு வெட்டு, கனத்த துணி, நகையே இல்லாத கழுத்து. பாடகர் ஜெனெல் மோனே பல ஆண்டுகள் கறுப்பு-வெள்ளையைத் தவிர எதையும் தொடவில்லை. விருது மேடையில் மட்டும் பளபளக்கும் பலரை இப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாரமும் வேறு ஆள்.

பாணி உள்ளவர்கள் அன்றைய பட்டியலில் தோற்பதும் நடக்கும். 2001 ஆஸ்கரில் பாடகி பியோர்க் போட்ட அன்னப்பறவை உடை, மரியான் பெயோஸ்கி செய்தது, ஆண்டுக்கணக்கில் ‘மோசமான உடை’ பட்டியலில் இருந்தது. 2019-இல் அதே உடை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நின்றது. 1998-இல் ஷரன் ஸ்டோன் வேரா வாங் பாவாடைக்கு மேலே சாதாரண வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கையை மடித்துவிட்டு வந்தார். அந்தச் சட்டைக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. மேலே எளிமை, கீழே பிரமாண்டம் என்ற அந்தச் சேர்க்கைக்குத்தான்.

கேள்வி: நடிகையின் எடை கூடியிருப்பதைச் சொல்வதும் விமரிசனம்தானே?

இல்லை. உடம்பு கொடுக்கப்பட்ட அளவு. அதற்கு உடையைப் பொருத்துவது தைத்தவர் வேலை. ‘இடுப்புத் தையல் இரண்டு செ.மீ. மேலே போயிருக்கலாம்’ என்பது விமரிசனம்.

கேள்வி: எனக்கு ஒரு விழா இருக்கிறது, தரை தொடும் கவுன். இவ்வளவு சொன்னீர்களே, என்ன செய்தால் தப்பிக்கலாம்?

விழாச் செருப்பை முதலில் வாங்குங்கள், கவுனைப் பிறகு. ஓரம் அடிக்கப் போகும்போது அந்தச் செருப்பையும், அன்று போடப்போகும் உள்ளாடையையும் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளாடை மாறினால் மார்பின் உயரம் மாறும், முன்பக்க ஓரமும் கூடவே மாறும்.

ஃபிட்டிங்கில் நிமிர்ந்து நின்றால் மட்டும் போதாது. உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், பத்துப் படி ஏறி இறங்குங்கள். உட்காரும்போது மேல்பகுதி தாடையை நோக்கி எழும்பினால் இடுப்பிலிருந்து தோள் வரையுள்ள நீளம் கூடுதல் அல்லது போனிங் நீளம்; டெய்லரிடம் அப்போதே சொல்லுங்கள். படியேறும்போது ஒரு கையால் முன்பக்கத்தை ஒரு சாண் தூக்கிக்கொள்ளுங்கள். சமதரையில் தூக்காமல், பாதத்தால் துணியை மெல்ல முன்னே தள்ளியபடி நடந்தால் சிக்காது. 2013-இல் விருது வாங்கப் படியேறும்போது ஜெனிஃபர் லாரன்ஸ் தடுக்கி விழுந்தது, மிக அகன்ற பாவாடை கொண்ட டியோர் கவுனில்.

சாட்டினில் ஸ்டீமரை வெளிப்பக்கம் நெருக்கிக் காட்டாதீர்கள். தண்ணீர்த் துளி தெறித்தால் கறை நிற்கும். உள்பக்கமிருந்து, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். டேப் ஒட்டும் இடத்தில் அன்று எண்ணெயோ லோஷனோ கூடாது. துடைத்து, காயவிட்டு, ஒட்டிய பின் பத்து விநாடி அழுத்துங்கள். கைப்பையில் கவுனின் நிறத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று, சேஃப்டி பின் இரண்டு, டேப் நான்கு துண்டு. புறப்படுமுன் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். காரில் ஏறும்போது பின்பக்கத் துணியைக் கசங்காமல் பக்கவாட்டில் இழுத்துவிட்டு, சீட்டின் முன்நுனியில் உட்காருங்கள். இடுப்பில் விழும் குறுக்குச் சுருக்கம் குறையும்.